சபாபதி பேசிய ஆறு நிமிடம்

1993 செப்டம்பர் 12. கோயில் கல்யாணச் சான்று, முத்திரையுடன். வெள்ளி 5.00.
2024 நவம்பர் 25. விபத்துப் புகாரின் நகல். வெள்ளி 4.00.
2024 டிசம்பர் 9. முதல் கடிதம், பதிவுத் தபால். வெள்ளி 6.70.
2025 ஜனவரி 5. பேருந்து, இருவர், போக வர. வெள்ளி 13.60.
2025 பிப்ரவரி 18. சத்தியப் பிரமாணம். வெள்ளி 10.00.
2025 மார்ச் 20. வீட்டுச் சாவி, இரண்டு. தொகை இல்லை.
2025 செப்டம்பர் 8. இரண்டாம் கடிதம், பதிவுத் தபால். வெள்ளி 6.70.
2025 நவம்பர் 17. நினைவூட்டுக் கடிதம், பதிவுத் தபால். வெள்ளி 6.70.

மேலே உள்ளது, மலேசிய வெள்ளிக் கணக்கில், கிருஷ்ணம்மா ஒரே ஒரு காரியத்துக்காகச் செலவழித்தது. அவள் கணவர் சபாபதி சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்து ஆறு நிமிடம் பேசினார். அந்தப் பேச்சு ஒரு போலீஸ்காரரின் சட்டையில் மாட்டியிருந்த கேமராவில் பதிவானது. அவர் என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பட்டியலின் முதல் வரி மற்றவற்றுக்கு முப்பத்தொரு வருடம் முந்தியது. அதுவும் இதே காரியத்தைச் சேர்ந்ததுதான். அந்தச் சான்றில் இருப்பது என் கையெழுத்து.

கிருஷ்ணம்மா 1971 ஜூன் 3-ம் தேதி, பெக்கோக் பக்கத்து ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஆறாம் லயத்தின் மூன்றாம் கதவில் பிறந்தாள். அந்தத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. பிறப்பு, இறப்பு, ரப்பர் பால் எடை, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்தவர் வராதவர் எல்லாம் என் புத்தகங்களில் இருக்கும். 1986-ல் அவள் பால் மரம் வெட்ட வந்தாள். பெயர்ப் பட்டியலில் எண் 212. இடது கைப் பழக்கம் உள்ளவள் என்பதால் முதல் ஆறு மாதம் பட்டையை ஆழமாக வெட்டிவிட்டு, கங்காணியிடம் தினமும் ஏச்சு வாங்கினாள்.

சபாபதி 1990-ல் பால் ஏற்றும் டிராக்டர் ஓட்ட வந்தார். பேசாத மனிதர். சம்பளத்தன்று கையெழுத்துப் போட வருவார், போட்டுவிட்டுப் போவார். கூலி குறைத்துப் போட்டிருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த மாதம் நானே கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். 1992 டிசம்பரிலிருந்து ஏழு மாதம் அவர் கிருஷ்ணம்மாவின் வாளிகளை எடைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தார். அந்த ஏழு மாதமும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கங்காணி மூலம் பெண் கேட்டார்.

அவருடைய அண்ணன் கமலநாதன் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் மசாயில் இருந்தார். தன் மனைவியின் தங்கையைத் தம்பிக்குக் கட்டிவைக்க நினைத்திருந்தவர் அவர். கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சு இல்லை.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை, காலை 9.12-க்கு நடந்தது. நான் கோயில் செயலாளர். கல்யாணப் புத்தகத்தில் 31-ம் பக்கம், அந்த வருடத்தின் நான்காம் பதிவு. தாலி கட்டிய நேரம், சாட்சிகள் இருவர், தாலியின் எடை எல்லாம் எழுதி, சான்றில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.

1982-க்குப் பிறகு நடக்கும் கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். எங்கள் கோயிலுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பதிவதற்கு இருவரும் செகாமாட்டுக்கு இரண்டு தடவை போக வேண்டும். இரண்டு நாள் கூலி போய்விடும். சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு சபாபதி கேட்டார், "இது போதுமா கிராணி?"

அவர் என்னிடம் கேட்ட கேள்விகளில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

"முத்திர இருக்கு, என் கையெழுத்து இருக்கு. போதும்," என்றேன்.

1984 முதல் 2001 வரை அந்தப் புத்தகத்தில் 47 கல்யாணங்கள் உள்ளன. ஒருவரையும் நான் செகாமாட்டுக்கு அனுப்பவில்லை.

இரண்டு பிள்ளைகள் பிறந்தன. 1995-ல் பிறந்தது நான்கு நாள் இருந்தது. 1998-ல் பிறந்தது ஒரு நாள். இரண்டும் என் இறப்புப் புத்தகத்தில் உள்ளன. அதற்கு மேல் பிறக்கவில்லை.

2004-ல் தோட்டம் கைமாறியது. மரத்தை அழித்துச் செம்பனை போட்டார்கள். லயத்து ஆட்கள் சிதறினார்கள். சபாபதி யோங் பெங்கில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். வீடு அவர் பெயரில் மட்டும். ஆயர் ஈத்தாம் பக்கத்தில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் அவருக்கு இரவுக் காவல் வேலை. கிருஷ்ணம்மா ஒரு சீனப் பலகாரக் கடையில் அட்டைப் பெட்டி மடிக்கும் வேலைக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் நூற்று நாற்பது பெட்டி மடிப்பாள். நானும் ஓய்வுக்குப் பிறகு அதே வீடமைப்பில், மூன்று வரிசை தள்ளிக் குடியிருக்கிறேன். இருபது வருடத்தில் சபாபதி என் வீட்டுக்கு நான்கு தடவை வந்திருக்கிறார். நான்கு தடவையும் வாசலோடு திரும்பிவிட்டார்.

"வந்துட்டேன், சாப்பிட்டேன், போய்ட்டு வரேன். மூணு வார்த்தையில ஒரு நாளு ஓடிரும் ஐயா," என்று கிருஷ்ணம்மா அவரைப் பற்றிச் சொல்வாள். குறையாகச் சொன்னதில்லை.

2024 நவம்பர் 21, வியாழன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த சபாபதியை ஒரு லாரி பின்னாலிருந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முதலில் வந்து சேர்ந்தவர் ரோந்துக் காரில் இருந்த அமீர் என்ற இளம் கான்ஸ்டபிள். எந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்று இங்கே நான் எழுதவில்லை. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றியது 7.03-க்கு. மருத்துவமனையில் 7.40-க்குச் சபாபதி இறந்தார்.

சாவுச் செய்தி கேட்டு, உடலை வாங்க அண்ணன் கமலநாதன் வந்தார். கையெழுத்து அவருடையது. கொள்ளி வைத்ததும் அவர். அடையாளக் கார்டையும் மரணச் சான்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அன்று மாலையே மசாய் திரும்பிவிட்டார்.

நான்காம் நாள் அமீர் கிருஷ்ணம்மா வீட்டுக்கு வந்தார். சாலையில் கிடந்த சபாபதியின் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி எடுத்து வந்திருந்தார். நானும் இருந்தேன். அவர் மலாயில் சொன்னதை அன்றே எழுதிக்கொண்டேன். அதன் தமிழ் இது; பெரியம்மா, பெரியப்பா என்று கூப்பிடும் மக்சிக், பக்சிக் மட்டும் அவர் சொன்னபடியே.

"6.52-க்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போதே கேமராவைப் போட்டேன். முதலில் அவர் அசையவில்லை. குனிந்து முகத்தைப் பார்த்தேன். பதிவில் முதல் நிமிடம் முழுக்க முகம்தான் இருக்கும். ஐந்து நிமிடம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார். திறந்ததும் பேச ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும், ஆறு நிமிடம், நிறுத்தவில்லை. மெதுவாக, தெளிவாகப் பேசினார். எல்லாம் தமிழ். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, மக்சிக்."

கிருஷ்ணம்மா என்னைப் பார்த்தாள். "ஆறு நிமிஷமா? எங்க வீட்டுக்காரரா? நல்லாக் கேளுங்க ஐயா, வேற யாராச்சும் இருக்கப் போவுது."

கேட்டேன். அவர்தான் என்றார் அமீர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கடைசியில் ஏதோ கேட்டார். கேள்வி என்று குரலில் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகப் பார்த்தார். நான் 'யா, பக்சிக், யா' என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை."

யா என்றால் மலாயில் ஆமாம். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"என்ன கேட்டாரு?" என்றாள் கிருஷ்ணம்மா. "எதுக்கு இந்தப் பையன் ஆமான்னான்?"

அமீர் கிளம்பும்போது, பதிவு நிலையத்தில் இருக்கிறது, தன்னால் எடுத்துத் தர முடியாது, குடும்பத்தார் எழுதிக் கேட்டால் அதிகாரி போட்டுக் காட்டலாம் என்றார். ஜனவரியில் அவரை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

டிசம்பர் 9-ம் தேதி நிலையத்துக்கு முதல் கடிதம் போனது. நான் எழுதினேன். மலாயில் நான்கு பக்கம், இணைப்பு ஏழு. பதிவின் நீளம், பேச்சு தொடங்கிய நேரம், மனுதாரரின் அடையாளக் கார்டு, வீட்டு முகவரி. அனைத்துக்கும் மேல், மனைவி என்பதற்கு அத்தாட்சியாகக் கோயில் சான்றின் நகல். அதை இணைப்பு 1 என்று வைத்தேன்.

பதில் வரவில்லை. ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை, நேரில் போனோம். நிலையத்தின் அலுவலகப் பகுதி பூட்டியிருந்தது. அந்த வருடப் பிறப்பிலிருந்துதான் ஜொகூரில் வார ஓய்வு வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. பல வருடமாக ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் என்று பழகிய காலில் நான் அவளைக் கூட்டிப் போய்விட்டேன். என் நாட்காட்டியில் மாற்றத்தைச் சிவப்பு மையில் குறித்தும் வைத்திருந்தேன்.

மறுநாள் என் செலவில் போனோம். ஒரு சார்ஜண்ட் கோப்பைத் திறந்து இணைப்பு 1-ஐ வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

"பக்சிக், இதை யார் இணைக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லவில்லை. அத்தாட்சி."

"இதில் பதிவு எண் இல்லை. இது கோயில் கொடுத்தது. இது இல்லாமல் இருந்திருந்தால், அவர் கார்டிலும் இந்த மக்சிக் கார்டிலும் ஒரே முகவரி, நான் மனைவி என்று எழுதி மேலே அனுப்பியிருப்பேன். இப்போது இது கோப்பில் ஏறிவிட்டது. எடுக்க முடியாது. நெருங்கிய உறவினர் மட்டும்தான் கேட்கலாம். இவர் உறவினர் இல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கிருஷ்ணம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். திரும்பி வரும் பேருந்தில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் அவருக்கு யாரு ஐயா?"

பிப்ரவரி 18-ம் தேதி நான் சத்தியப் பிரமாணம் எழுதி, இந்தக் கல்யாணத்தை என் கண்ணால் பார்த்தேன் என்று கையெழுத்திட்டேன். இரண்டே நாளில் திருப்பி அனுப்பினார்கள். நெருங்கிய உறவினர் கமலநாதன் என்பவர், அவர் விண்ணப்பித்தால் ஒரு முறை பார்க்க அனுமதி உண்டு, நகல் கிடையாது என்று ஒரு வரி எழுதியிருந்தது.

கிருஷ்ணம்மா போன் செய்தாள். பிப்ரவரி 23-ம் தேதி கமலநாதன் பெரிய பிக்கப் ஒன்றில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வந்தவர் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்னா கிராணி, இன்னும் உசிரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நீங்க எழுதிக் குடுத்த கல்யாணம் எப்படி இருக்கு பாத்தீங்களா? போலீஸ்காரன் படிச்சிட்டு ஓரமா வச்சிட்டானாமே."

கணவரின் அண்ணனைக் கிருஷ்ணம்மா மாமா என்றுதான் கூப்பிடுவாள். "மாமா, நீங்க போயி ஒரு தடவ கேட்டுட்டு வந்து, என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"மசாயிலேருந்து ஒரு நாள் வேலைய விட்டுட்டு வரணும் லா. சும்மாவா?"

"எண்ணெக் காசு நான் தரேன்."

"எண்ணெக் காசாம்." அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பொட்டி மடிச்ச காசு. நாலு பொட்டிக்கு எத்தன மைல் ஓடும் கிராணி, கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டேன்.

"வீடு என் தம்பி பேருல இருக்கு," என்றார் கமலநாதன். "அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, பிள்ள இல்ல. காகிதத்துல அப்படித்தான் இருக்கு, நான் சொல்லல. நீ இங்க வாடகைக்கு இருக்கிறவகூட கிடையாது. நான் கோர்ட்டுக்குப் போயி உன்ன எறக்கணும்னா ரெண்டு வருஷம் ஆவும். சாவிய நீயா குடுத்தேன்னா, நான் நாளைக்கே எழுதிப் போட்டுப் போயிக் கேக்கறேன்."

"ரெண்டு வருஷம் இங்க இருக்கலாம் அம்மா," என்று நான் அவளிடம் சொன்னேன். "அதுக்குள்ள வேற வழி பாக்கலாம்."

"இந்த வீட்டுல அவரு பேசினது என்ன ஐயா இருக்கு? பேசினது அங்கதான இருக்கு," என்றாள்.

மார்ச் 20, வியாழன். நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் கிருஷ்ணம்மா இரண்டு சாவிகளையும் கொடுத்தாள். முன் கதவு ஒன்று, இரும்புக் கேட் ஒன்று. கமலநாதன் உள்ளே போனது 10.05. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, போட்டுக்கொண்டிருந்தாள். கமலநாதன் வெளியே வந்தது 10.41. முப்பத்தாறு நிமிடம். பதினொரு நிமிடப் பதிவை மூன்று தடவை பார்த்திருக்கிறார் என்று நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.

அவர் எங்களைத் தாண்டிப் போய் பிக்கப்பின் கதவில் சாய்ந்து ஒரு சிகரெட் எடுத்தார். பஞ்சு வெளிப்பக்கம் இருக்கும்படி வாயில் வைத்துப் பற்ற வைத்தார். துப்பிவிட்டு இன்னொன்று எடுத்தார்.

"மாமா, என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டான்."

"ஆறு நிமிஷமுமா?"

"ஆமா. தண்ணி, தண்ணின்னு. போதுமா?"

"கடைசில ஏதோ கேட்டாராமே. அந்தப் பையன் ஆமான்னு சொன்னானே."

"தண்ணி வேணும்னு கேட்டான், அவன் ஆமான்னான். எந்திரி, வீட்டுல சாமான எடுக்கணும். ஞாயித்துக்கெழம வாடகைக்கு ஆளு வர்றான்."

அவள் சாமான் ஒரு வேன் அளவுகூட இல்லை. கடைக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கும் அறையில் பாதியைக் கடைக்கார அம்மாள் ஒழித்துக் கொடுத்தார். அந்த முகவரிக்குத் தபால் வராது என்பதால் என் முகவரியைக் கொடுத்தோம்.

தண்ணீர் என்று கேட்டது உண்மையாக இருக்கலாம் என்று சில வாரம் கிருஷ்ணம்மா நம்பப் பார்த்தாள். தண்ணீருக்கு மலாயில் ஆயர். ஆயர் ஈத்தாமில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவருக்கு அந்த வார்த்தை தெரியாதா, அமீருக்குப் புரியும்படி கேட்டிருக்க மாட்டாரா என்று அவளே என்னிடம் கேட்டாள்.

ஜூன் 8-ம் தேதி கூலாயில் ஒரு கல்யாணம். எங்கள் பழைய தோட்டத்து ராஜம்மா போயிருந்தாள். திரும்பி வந்து நேரே கடைக்கு வந்தாள்.

"என்னாக்கா, உங்க மச்சாண்டாரு பந்தியில உக்காந்து அழுவுறாரு," என்றாள். "கமலநாதன் அண்ணன்தான். 'அண்ணா, உன் பேச்சக் கேக்காம போய்ட்டேன், மன்னிச்சிரு'ன்னு தம்பி சொல்லிச் சொல்லி அழுதானாம். கேமராவுல பாத்தாராம். எல போட்டவங்களே நின்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லலியா?"

கிருஷ்ணம்மா மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "எங்கிட்ட தண்ணின்னாரு," என்றாள்.

ஆகஸ்ட் 31, விடுமுறை நாள். கமலநாதன் வீட்டில் இருப்பார் என்று கிருஷ்ணம்மா என் வீட்டிலிருந்து போன் செய்தாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். நான் எழுதினேன்.

"மாமா, நான் சண்டைக்கு வரல. எது நெசமோ அதச் சொல்லுங்க. தண்ணியா, மன்னிப்பா?"

"உனக்கு என்ன வேணும் இப்ப?"

"அவரு சொன்னது."

"உன்னக் கட்டினது தப்புன்னு சொன்னான். ரெண்டு பிள்ளையத் தூக்கிப் பொதச்ச வயித்தக் கட்டி அழுதேன்னு சொன்னான். எழுதிக்கச் சொல்லு கெழவன."

"அதுக்கு ஆறு நிமிஷம் ஆவாதே மாமா," என்றாள்.

அவர் போனை வைத்துவிட்டார்.

என் புத்தகத்தில் மூன்று வாசகங்கள் சேர்ந்துவிட்டன. மார்ச் 20, ஜூன் 8, ஆகஸ்ட் 31. மூன்றும் ஒரே ஆள் சொன்னவை. கிருஷ்ணம்மா மூன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றாவதைத் திரும்பவும் படிக்கச் சொன்னாள். அது பொய்யாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன்.

"இருக்கும்," என்றாள். "ஆனா நெசமா இருந்தா, யாரு சொல்லுவா எனக்கு?"

செப்டம்பர் 8-ம் தேதி மேல் அலுவலகத்துக்கு இரண்டாம் கடிதம் எழுதினேன். இந்தத் தடவை ஒரே பக்கம், இணைப்பு எதுவும் இல்லை. மனுதாரருக்குப் பதிவைக் காட்ட வேண்டாம், நகல் வேண்டாம். தமிழ் தெரிந்த போலீஸ்காரர் ஒருவர் அந்த ஆறு நிமிடத்தைக் கேட்டு, சொன்னதை ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். எந்த மாவட்டத்திலும் தமிழ் தெரிந்த ஒரு காவலராவது இருப்பார். கிருஷ்ணம்மா கையெழுத்துப் போட்டாள்.

அக்டோபர் 14-ம் தேதி பதில் வந்தது. மனு பரிசீலனையில் உள்ளது. நவம்பர் 17-ம் தேதி நினைவூட்டினேன். அதற்கும் அதே பதில், தேதி மட்டும் வேறு.

கடைசிக் கடிதம் வந்தபோது சீனப் புத்தாண்டுக்கு எட்டு நாள் இருந்தது. கடையில் சிவப்புப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். கிருஷ்ணம்மாவால் வேலையை நிறுத்த முடியாது. எதிரே ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன்.

முதல் பத்தி. லாரி அடையாளம் தெரியாததால் விபத்து விசாரணை முடிக்கப்பட்டது. வழக்கு இல்லாத பதிவுகள் பன்னிரண்டு மாதம் மட்டுமே வைக்கப்படும்.

இரண்டாம் பத்தி. மேற்படி பதிவு 2025 நவம்பர் 21-ம் தேதி அழிக்கப்பட்டது. மனுதாரரின் கோரிக்கை அன்று பரிசீலனையில் இருந்தது.

மூன்றாம் பத்தி. நெருங்கிய உறவினர் 2025 மார்ச் 20-ம் தேதி பதிவைப் பார்வையிட்டு, அதைத் தொடர்ந்து வைத்திருக்கத் தேவையில்லை என்று எழுத்து மூலம் ஒப்புதல் தந்துள்ளார். பார்வைக் குறிப்பின் நகல் இணைப்பில்.

இணைப்பு ஒரு தாள். அதில் கட்டங்கள் போட்டிருந்தது. பார்வையாளர் பெயர், கையெழுத்து. படிவம் நிரப்பியது 10.08 முதல் 10.29 வரை. பதிவின் முழு நீளம், 11 நிமிடம் 20 விநாடி. திறந்த நேரம் 10.30. மூடிய நேரம் 10.31. காரணம் என்ற கட்டத்தில் அதிகாரி எழுதியிருந்தது: பார்வையாளர் கேட்டுக்கொண்டபடி நிறுத்தப்பட்டது, அறைக்கு வெளியே நடையில் சென்று அமர்ந்தார், மீண்டும் பார்க்க விரும்பவில்லை.

நான் நேரங்களை இரண்டாவது தடவை படித்தேன். கிருஷ்ணம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

"கண்ணத் தொறந்தது அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான," என்றாள்.

"ஆமா."

"மாமா ஒரு நிமிஷத்துல எந்திரிச்சிட்டாரு."

"ஆமா."

"அப்ப பேச்ச அவரு கேக்கவே இல்ல."

"கேக்கல."

"தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தரும் கேக்கல."

"ஒருத்தரும் கேக்கல."

உள்ளேயிருந்து கடைக்கார அம்மாள் இன்னும் நூறு பெட்டி என்று குரல் கொடுத்தார். கிருஷ்ணம்மா சரி என்றாள். ஒரு அட்டையை எடுத்து நான்கு ஓரமும் மடித்து மூடியை உள்ளே தள்ளினாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்களா ஐயா?"

"எழுதிட்டேன்."

"கடுதாசி வந்த தேதி?"

2026 பிப்ரவரி 9, திங்கள்.